தைக்கக் கூடாத கொடி

கடைக்கு நூல் வாங்க வந்தவர் நூலைக் கேட்கவில்லை. மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சட்டையில் அந்த இடத்தில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

"அசையாதீங்க தம்பி. குத்திரும்."

அவருடைய ரவிக்கையின் தோளில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அதை உருவி, நான் போட்டிருந்த சட்டையிலேயே தைக்கத் தொடங்கிவிட்டார். கடையில் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. பெண்கள் கிட்ட வந்து பேசினாலே துணியின் அகலத்தை மாற்றிச் சொல்லிவிடுகிற ஆள் நான். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. அப்படியும் கூச்சம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை.

கல்லாவில் இருந்த முதலாளி சிரித்தார். முஸ்லிம் ஆள், அவரை நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

"புள்ள, அவன்ட வாயையும் சேத்துத் தைச்சிராத. ஏற்கெனவே பாதி தைச்சுத்தான் ஈக்கி."

"இவரு பொண்டாட்டி என்னதான் செய்யிறா நானா? புருசன் கைய இப்புடி விட்டு வச்சிருக்காளே."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தைத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார். "கிழிசல் தானா நிக்காது தம்பி. ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். அதை அவர் எல்லாரிடமும் சொல்வார். வாங்க வந்த நூலை மறந்து படியிறங்கிப் போய், பாதி வழியில் திரும்பி வந்தார்.

எங்கள் டவுன் ஹட்டனிலிருந்து அதிக தூரமில்லை. டவுனுக்கு மேலே மேட்டில் வெள்ளைக்காரர்களின் கல் கோயில் இருக்கிறது. அதைப் பெருக்கி, பெஞ்சுகளைத் துடைத்து, விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவது அந்த அக்காவின் வேலை. கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். அவர் கும்பிட்டது மாரியம்மனைத்தான். "அங்கன பெருக்குறதோட சரி. அவங்க சாமிக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல" என்பார். முன்பு அவர் இருந்த தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரப் பெரிய துரைதான் அந்த வேலையைக் கொடுத்தவர். வேலை போனால் அறையும் போகும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

டவுனைச் சுற்றித் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களில் அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொள்வார்கள். படங்கு என்போம். படங்கு கிழிந்தால் யாரும் தைக்க மாட்டார்கள், வேறு சாக்குத் தேடுவார்கள். அக்கா அதையும் தைப்பார். வாசலில் காயப்போட்ட கம்பளி காணாமல் போகும். திட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் பார்த்தால், தைத்து மடித்து அதே இடத்தில் வைத்திருக்கும். அவர் வருவதைக் கண்டால் பெண்கள், "ஊசி வருதுடி, முந்தானைய மறச்சுக்க" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள்.

ஒருத்திக்கு ஒரு நாள் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக் கிழிசல ஊருக்கெல்லாம் காட்டுறீங்களா?" என்று நடுத்தெருவில் பிடித்துக்கொண்டாள்.

"காட்டலயே. மூடித்தானே விட்டேன்" என்றார் அக்கா.

இதெல்லாம் சிரிப்பதற்குரியவை. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

கோயில் மேட்டுக்குக் கீழே இருந்த லயத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். குளிப்பாட்டி, வேட்டி கட்டிப் பாடையில் கிடத்தியாகிவிட்டது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கப் போகிற நேரம். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாடைக்குப் பக்கத்தில் குந்தினார். வேட்டியில், தொடைக்கு மேலே, ஒரு கிழிசல். தோளிலிருந்து ஊசியை எடுத்தார்.

தப்பு நின்றுவிட்டது.

"மண்ணுக்குள்ள போற துணிக்கு என்ன தையலு? எந்திரிங்க" என்றான் இறந்தவரின் மகன்.

"மண்ணுக்குள்ள போறதாலதான். மேல இருந்தா நாளைக்கு மாத்திக்குவாரு."

அவன் கையை ஓங்கிவிட்டான். யாரோ பிடித்துக்கொண்டார்கள். அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தைத்து முடிக்கும் வரைக்கும் அத்தனை பேரும் தூறலில் நின்றோம். அவருடைய விரல் செத்த உடம்பில் பட்டுப் பட்டு எழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அன்றைக்குப் பிறகு பெண்கள் கேலி செய்வதை நிறுத்தினார்கள். பிள்ளைகளை அவர் பக்கம் விடுவதையும் நிறுத்தினார்கள். என் மனைவி அந்த முழங்கைச் சட்டையைக் கொண்டுபோய்க் கரித்துணி ஆக்கிவிட்டாள்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது டவுனில் வயதானவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர் வாயாலேயே தெரியவந்தது.

அந்தக் காலத்தில் துரைமாருக்கென்று ஒரு பட்டாளம் இருந்தது. வாரநாட்களில் தோட்டம் நடத்துகிற வெள்ளைக்காரர்கள் வார முடிவில் காக்கி போட்டுத் துப்பாக்கி தூக்குவார்கள். வருஷத்தில் சில நாட்கள் வெளியூரில் முகாம் போடுவார்கள். பெட்டி தூக்க, கூடாரம் அடிக்க, தேத்தண்ணி வைக்கத் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப்போவார்கள். அக்காவின் கணவர் அப்படிப் போனவர். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் முகாம் முடிந்து திரும்பும்போது, பட்டிப்பொல பக்கம் ஒரு வளைவில், பனியில் தடம் தெரியாமல் லொறி பள்ளத்தில் விழுந்தது. இரண்டு துரைமார் இறந்தார்கள். அவரும் இறந்தார். துரைமார் இரண்டு பேரையும் எங்கள் டவுனுக்குக் கொண்டுவந்து, வானத்தைப் பார்த்துச் சுட்டு, கல் கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். கோயில் சுவரில் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டினார்கள். அவரை அங்கேயே, பள்ளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டார்கள். அக்காவுக்கு வந்து சேர்ந்தது பட்டாளம் அவருக்குக் கொடுத்திருந்த காக்கிச் சட்டை மட்டும்.

"தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சிருந்திச்சு தம்பி. ரெத்தம் தெரியாம நல்லா தொவைச்சிருந்தாங்க. இஸ்திரிப் பொட்டி கூடப் போட்டிருந்தாங்க. தைக்கணும்னு மட்டும் ஒருத்தருக்கும் தோணல."

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அந்தப் பட்டாளத்தைக் கலைத்தார்கள். புது நாட்டுக்குப் புதுப் பட்டாளம் வருகிறது, துரைமார் பட்டாளம் இனி வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். கலைப்பதற்கும் ஒரு சடங்கு இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோயில் மேசைக்கு விரிக்கப் பச்சை வெல்வெட் துணி எங்கள் கடையில் இரவல் கேட்டிருந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நானா என்னை அனுப்பினார். கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

கோயிலுக்குக் கீழே இருந்த மைதானத்தில் டயகமவிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் வந்த துரைமார் வரிசையாக நின்றார்கள். சிலருக்குக் காக்கி வயிற்றில் பூட்டவில்லை. வேடிக்கை பார்க்க வந்த தோட்டத்து ஆட்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"நம்மள தெனம் பெரட்டுல நிப்பாட்டுற ஆளுங்க, இன்னைக்கு அவங்களுக்குப் பெரட்டு" என்றார் ஒருவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிறுத்துவதைத்தான் பெரட்டு என்போம்.

"அந்தச் செவத்த தொர லேட்டு. அவருக்கு இன்னைக்கு அரைநாள் சம்பளந்தான்" என்றார் இன்னொருவர். வேலி ஓரம் முழுக்க அடக்கிக்கொண்டு சிரித்தது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஊதுகொம்பு ஊதினார்கள். துப்பாக்கிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். பச்சைப் பட்டில் மஞ்சள் சரிகை போட்ட கொடியைக் கம்போடு பிடித்து, ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு காலாக நிறுத்தி நிறுத்தி, மேட்டில் ஏறினார்கள். கோயில் கதவு சாத்தியிருந்தது. பட்டாளத்துக்கும் தலைவராக இருந்த பெரிய துரை வாளின் பிடியால் கதவைத் தட்டினார். பாதிரியார் உள்ளேயிருந்து திறந்தார். பொணம் கொண்டுபோகிற மாதிரிதான் இருந்தது. பல வெள்ளைக்காரர்கள் அழுதார்கள். அவர்கள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே, இறந்துபோன அவர்களுடைய ஆட்களின் பெயர்களைப் படித்தார்கள். பக்கக் கதவுக்கு வெளியே அக்கா முக்காடு போட்டு, விளக்குமாறைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். லொறியில் போன இரண்டு துரைமாரின் பெயர்களும் வந்தன. அதைக் கேட்டதும் அக்கா ஓரடி முன்னால் வந்தார். அடுத்த பெயர் வரவில்லை. பாதிரியார் புத்தகத்தை மூடினார்.

பட்டாளத்து ஆபீஸ் வேலைகளைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர். நல்ல மனுஷன். அவர் வெளியே வந்ததும் அக்கா போய் நின்றார்.

"ஐயா, எல்லாப் பேரும் படிச்சாச்சுங்களா?"

"ஓம், எல்லாம் முடிஞ்சுது."

"இன்னும் ஒண்ணு இருக்குங்களே."

"ஆற்றை பேர்?"

"எங்க வீட்டுக்காரரு பேருங்க. லொறியில கூடப் போனவரு."

"பேர் என்னெண்டு சொல்லும்."

அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். செத்தவன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கொண்டு சொல்லவைப்பார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கோ அந்தப் பெயர் தெரியாது. அவர் விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கை விரல்கள் ஐந்தையும் மறு கையில் ஒரு விரலையும் காட்டினார். பிறகு தன் முகத்தைத் தொட்டார்.

கிளாக்கர் ஐயாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆறு... முகம். ஆறுமுகமோ?"

அக்கா தலையசைத்தார். முகம் சிவந்துபோயிற்று.

கிளாக்கர் உள்ளே போய்ப் பெரிய துரையிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "அம்மா, பட்டாளத்திலை அவர் சேர்த்தியில்லையாம். கூலிக்குப் போன ஆக்களை அவங்கள் கணக்கிலை எடுக்கிறேல்லை."

"அதே லொறிதானுங்களே ஐயா."

"ஓம். அதே லொறிதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எல்லாரும் போன பிறகு பெரிய துரை கோயிலுக்குள் தனியாக நின்றிருந்தார். பித்தளைத் தகட்டுக்கு மேலே, சுவரில் அடித்த இரும்பு வளையத்தில் கொடி சாய்ந்து தொங்கியது. தரையில் கிடந்த பூக்களைப் பெருக்க அக்கா உள்ளே போனார். வெல்வெட்டைத் திரும்ப எடுக்க நானும் போனேன். துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துத் தமிழ். வேலை சொல்ல, விரட்ட, நிறுத்த வேண்டிய சொல்லெல்லாம் தெரியும். மற்றச் சொற்கள் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. கொடியைக் கையால் காட்டி, அக்காவிடம் சொன்னார்:

"இது நீ பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ."

"சரிங்க தொரை" என்றார் அக்கா.

சொன்னது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பனியை அறிந்தவர்களுக்குத் தெரியும், துணி அங்கே எவ்வளவு நாள் தாங்கும் என்று. மழைக்காலம் முழுக்கக் கோயில் சுவர் வேர்த்துக்கொண்டே இருக்கும். மறுவருஷமே கொடியில் பூஞ்சணம் பிடித்தது. பிறகு அந்துப்பூச்சி. அக்கா ஒரு நாள் விரலில் ஒரு நூல் இழையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இதே பச்சையில பட்டு நூல் வேணும் தம்பி."

"என்னத்துக்கு புள்ள பட்டு நூலு? எங்கயும் கலியாணமா?" என்றார் நானா.

"கொடிக்கு நானா. அந்து அரிக்கிது."

"தொர தைக்கச் சொன்னாரா?"

"பாத்துக்கச் சொன்னாரு."

நானாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் சரியாகத்தான் பட்டது. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது நானா அந்தப் பச்சையைத் தேடிப் பிடித்து வந்தார்.

பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவர் வருவார். முதலில் நூல். பிறகு சாண் அளவு பட்டு. பிறகு முழ அளவு. சரிகைக்கு மஞ்சள் நூல். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று நூலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானம், கோயிலில் யாருமில்லை. விளக்கேற்றுகிற ஏணியைச் சுவரில் சாய்த்து, காய்ச்சலோடு மேலே நின்று தைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை வந்தீங்க. ஏணியப் புடிங்க. ஆடுது."

பிடித்தேன். கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொடியில் பாதிக்கு மேல் அவர் தைத்துச் சேர்த்தது என்று. தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவர் கம்பு நுழைகிற மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். கனம் தாங்காமல் அந்த இடம் அடிக்கடி விட்டுப்போகுமாம். பட்டுக்கு உட்புறம் காக்கித் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பழைய காக்கி. அவராகச் சொன்னார்.

"அந்தச் சட்டைதான். இத்தன வருசம் தைக்காம வச்சிருந்தேன். போட ஆளில்ல, எதுக்குத் தைக்கிறதுன்னு." இரண்டு தையல் போட்டார். "அந்த ரெண்டு தொரையும் தகட்டுல இருக்காங்க. இவரு இதுக்குள்ள இருக்கட்டும். எங்கன்னு கேட்டா இங்கன்னு சொல்லலாம்ல."

ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் அமைதியானதாகத்தான் எங்களுக்குத் தோன்றியது. மற்றவர்களின் கம்பளியை எடுத்துப் போவது நின்றது. யாராவது செத்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். கடைக்கு வந்தால் என் சட்டையை ஒரு பார்வை பார்ப்பார், ஆனால் ஊசியில் கை போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் அந்தக் கொடிக்குக் கீழே வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். யாரும் அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, தோட்டங்கள் கைமாறத் தொடங்கியபோது, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குப் போனார்கள். பெரிய துரையும் கிழவராகிவிட்டார். போகும்போது கொடியையும் கொண்டுபோய் அங்கே ஒரு கோயிலில் வைக்கப் போகிறார் என்று சேதி வந்தது. அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். "தொர கொடி எறக்க வர்றாரு. ஏணி புடிக்க நீங்க வாங்க. அவரு பாக்கட்டும்." நானாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு பயம். அந்தக் காக்கித் துணி கடல் தாண்டிப் போய்விட்டால் அக்கா எங்கே என்று காட்டுவார்? அவரிடமே கேட்டேன்.

"யோசிச்சேன் தம்பி. அந்த மடிப்ப மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு, வேற துணி வச்சுத் தைச்சுக் குடுத்துருவேன். ஒரு மணி நேரம் போதும். தொரைகிட்ட கேப்பேன்."

அன்றைக்கு ஐந்தாறு துரைமார்தான் வந்திருந்தார்கள். காக்கி இல்லை, கறுப்புக் கோட்டு. கழுத்தில் பழைய பட்டாளத்துப் பச்சை டை. பாதிரியார் அங்கியோடு நின்றார். கொடியை இறக்கி, ஒரு பெஞ்சின் மேல் விரித்தார்கள்.

கொடி முழுசாக இருந்தது. சரிகை மின்னியது. ஒரு துரை "ஆ" என்று மூச்சை இழுத்தார். அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் சிரித்தபோது அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். அதற்கு முன் அவர் அப்படி வாய் திறந்து சிரித்ததில்லை.

பெரிய துரை குனிந்து, துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். வேறொரு இடத்தில் பிடித்துப் பார்த்தார். புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

"யாரு செஞ்சது?"

"நாந்தாங்க தொரை."

"யாரு தைக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க. பாத்துக்கன்னு சொன்னீங்க."

துரை மற்றவர்களிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். பாதி விளங்கியது. மீதியைப் பாதிரியார் தமிழில் அக்காவுக்குச் சொன்னார். கலைத்த பட்டாளத்தின் கொடியைக் கோயிலில் வைத்துவிட்டால், பிறகு அதை யாரும் தொடக் கூடாதாம். தைக்கவே கூடாதாம். அது தொங்கிய இடத்திலேயே நூல் நூலாக உதிர்ந்து, தூசியாகித் தானாகவே இல்லாமல் போக வேண்டும். அதுதான் அதற்கு மரியாதையாம்.

அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. "தானா போகட்டும்னு விடுறதுக்கா சாமி என்கிட்ட குடுத்தாங்க?" என்று பாதிரியாரைத்தான் கேட்டார்.

துரை கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னார்: "இது நம்ம கொடி இல்ல. வேற துணி. சீமைக்குக் கொண்டுபோக ஏலாது."

அப்படியானால் என்ன செய்வது என்று அவர்களுக்குள் பேசினார்கள். மரியாதையாக எரித்துச் சாம்பலைக் கோயில் மண்ணில் புதைப்பது என்று முடிவானது. அதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. குளிருக்குக் கரி போட்டு மூட்டுகிற இரும்புச் சட்டியைக் கோயில் வாசலுக்கு எடுத்துப்போனார்கள்.

விளங்கியதும் அக்கா பெஞ்சுக்கு முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

"தொரை, எரிச்சுக்குங்க. அந்தக் கம்பு மடிப்பு மட்டும் பிரிச்சுத் தந்துருங்க. அது ஒங்க துணி இல்ல. எங்க வீட்டுக்காரரு சட்ட. நானே பிரிச்சுக்கிறேன். ஒரு மணி நேரம்."

துரைக்குப் புரிந்தது. நிச்சயமாகப் புரிந்தது. மடிப்பைத் திருப்பிக் காக்கியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வெட்ட ஏலாது. கொடியில சேந்தது கொடி. சட்டம்."

"வெட்ட வேணாங்க. தையல் மட்டும் பிரிக்கிறேன்."

"ஏலாது" என்றார். பிறகு, அவருக்கு எப்போதும் தெரிந்த தமிழில், "மண்ணெண்ணெய் கொண்டா" என்றார்.

மண்ணெண்ணெய் அறையின் சாவி அக்காவின் இடுப்பில்தான் இருந்தது. அவர் நகரவில்லை. துரை இன்னொரு தடவை சொல்லவில்லை. காத்துக்கொண்டு நின்றார். அக்கா போய் டின்னைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

அதற்குப் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மாத முடிவில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அறையையும் விட்டுப் போகச் சொன்னார்கள். டயகம பக்கம் ஒரு உறவுக்காரப் பெண்ணின் லயத்து அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார் என்று கேள்விப்பட்டேன். அரசாங்க ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் தோட்டத்து ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது, அந்தக் குடும்பத்தோடு அவரும் போனதாகச் சொன்னார்கள். போகும் வழியில் இறந்துபோனதாகவும் சொன்னார்கள். எது சரியென்று எனக்குத் தெரியாது.

பட்டு சீக்கிரம் எரிந்தது. மடிப்பு மட்டும் எரியவில்லை. காக்கி கனத்த துணி. நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார். துரையின் கார் டிரைவர் குச்சியால் கிளறிவிட்டான். துரைமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் பழைய பெயர்களை மறுபடியும் படித்தார். அக்கா சுவரோரம் நின்றிருந்தார். லொறியில் போன இரண்டு பெயர்களும் வந்தன. எல்லாப் பெயரும் முடிந்தது. பாதிரியார் ஜெபத்துக்கு வாயைத் திறந்தார்.

"ஆறுமுகம்" என்றார் அக்கா.

தேயிலை மலையில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆளைக் கூப்பிடுகிற சத்தம் அது. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய துரை திரும்பவில்லை. அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிரியார் சற்றுத் தயங்கிவிட்டு ஜெபத்தைச் சொல்லி முடித்தார். சாம்பலை ஒரு டின்னில் அள்ளிச் சுவரோரம் புதைத்தார்கள். கார்கள் போய்விட்டன.

அக்கா மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் சொன்னேனா?"

"சொன்னீங்கக்கா."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். எல்லாருக்கும் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல" என்றார். "காதடச்சுக்கிச்சு."

இங்கே வேறு யாருமில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"வர மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு இல்லை என்று தலையசைத்தார்.

"அது ஒங்க கொரலு தம்பி" என்றார்.